எட்டுக் குழிகளும் அங்குலம் அண்ணனும்

எங்கள் ஸ்குவாட்ரனின் ஐம்பதாம் ஆண்டு மலருக்கு வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "பட்டம் வாங்குனவன் நீதானே, எழுது" என்றார்கள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்படி யாராவது சொல்லிவிட்டால் மறுக்க வாய் வராது. பதினான்கு பக்கம் எழுதினேன். விமானங்கள், தளபதிகள், பதக்கங்கள், வெள்ளத்தின்போது எடுத்த படங்கள் எல்லாம் அதில் உண்டு. பதினோராம் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது: 'மறு ஆய்வின் பேரில் ஒரு தாக்குதல் ஒத்திவைக்கப்பட்டது.' அந்த வரிக்குப் பின்னால் நின்ற மனிதருக்கு மலரில் இடம் ஒதுக்கவில்லை. அவரைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

அவர் சார்ஜென்ட். சொந்தப் பெயரில் அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அங்குலம் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்களைப் போன்ற சின்னவர்களுக்கு அங்குலம் அண்ணன். எதைப் பார்த்தாலும் அளவு சொல்லிவிடுவார். நான் சேர்ந்த அன்று விறைப்பாக நின்று சல்யூட் அடித்தேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அஞ்சடி ஆறரை. ஷூவைக் கழட்டினா அஞ்சடி அஞ்சு" என்றார். அறையே சிரித்தது. அவருடைய அப்பா நில அளவையில் சங்கிலி இழுத்தவராம். இவர் பதினெட்டு வயதில் பிலிம் கழுவும் ஆளாகச் சேர்ந்து, ஈரப் படங்களைக் கொடியில் தொங்கவிடும்போதே அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்ததால், இருட்டறையிலிருந்து மேசைக்கு இழுத்துக்கொண்டார்கள். அந்த மேசையில் அவருக்கு இருபத்திரண்டு வருடம்.

குண்டு போடும் ஸ்குவாட்ரன்காரர்கள் எங்களைக் 'கல்யாண போட்டோக்காரங்க' என்பார்கள். எங்கள் விமானங்களின் வயிற்றில் குண்டு கிடையாது, கேமராதான். பறந்து போய்ப் படம் பிடித்து வருவது பாதி வேலை. அந்தப் படத்தில் தெரிவது பாலமா படகா, லாரியா வைக்கோல் வண்டியா என்று சொல்வது மீதிப் பாதி. நாங்கள் என்ன எழுதுகிறோமோ, அதை வைத்துத்தான் அவர்கள் எங்கே குண்டு போடுவது என்று முடிவு செய்வார்கள்.

ஆரம்பத்தில் மூன்றே விமானம்தான். தரையில் ஓட்டை போட்டு, கேமராவைத் தோல் பெல்ட்டால் கட்டிக்கொண்டு பறந்திருக்கிறார்கள். பிலிம் கழுவ இடமில்லாமல் சமையல்கூடத்தின் பின்கட்டில் கறுப்புக் கம்பளி தொங்கவிட்டுக் குளியல் தொட்டியில் கழுவியிருக்கிறார்கள். முதல் போரில், ஆற்றைக் கடந்துகொண்டிருந்த நம் படையையே எதிரிப் படை என்று ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டார். என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் இரண்டாவது கையெழுத்து. ஒருவர் பார்த்து எழுத வேண்டும். இன்னொருவர் அதைப் படிக்காமல் தனியாகப் படத்தைப் பார்த்து, அதே முடிவுக்கு வந்தால் மட்டும் கையெழுத்துப் போட வேண்டும்.

பார்ப்பதற்கு ஒரு கருவி உண்டு. சின்னக் கால்கள் வைத்த இரட்டைக் கண்ணாடி. ஒரே இடத்தை ஒரு சில நொடி இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதன் வழியாக இரண்டு கண்ணாலும் பார்த்தால் தட்டையான காகிதத்திலிருந்து வீடு எழுந்து நிற்கும், கிணறு உள்ளே இறங்கும். முதல் தடவை பார்த்தபோது தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். ஒற்றைக் கண்ணால் பார்த்தால் அந்த வித்தை நடக்காது. நிழலை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. நிழல் நம்மை நோக்கி விழும்படி படத்தை வைத்தால் மேடு மேடாகவே தெரியும். நிழல் நம்மைவிட்டு விலகி விழும்படி வைத்தால் மூளை ஏமாந்து மேட்டைக் குழியாகவும் குழியை மேடாகவும் காட்டும். "நிழல் மடியில விழணும்" என்பது எங்கள் அறையில் தினம் பத்துத் தடவை காதில் விழும் பேச்சு.

அந்த வருடம் எல்லையில் பதற்றம் கூடியது. மேலிடத்திலிருந்து புதிதாக ஒரு உத்தரவு வந்தது: எல்லாப் படங்களையும் வடக்கு மேலே இருக்கும்படிதான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வரைபடத்தோடு ஒப்பிட அவர்களுக்குச் சிரமமாக இருக்கிறதாம். அது சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் பருவம். வடக்கை மேலே வைத்தால் நிழல் எங்களைவிட்டு விலகித்தான் விழும்.

அண்ணன் உத்தரவைப் படித்துவிட்டு, "அப்போ நாம தலைகீழா உக்காந்துக்க வேண்டியதுதான்" என்றார். சிரித்தோம். இரட்டைக் கண்ணாடி இருக்கும்வரை அது பெரிய விஷயமில்லை. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும்போது மூளை நிழலை நம்பி ஏமாறாது.

அண்ணனுக்கு இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கவில்லை என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

அது அண்ணிக்கு மட்டும் தெரியும். எல்லாம் முடிந்தபின் அவர்தான் சொன்னார். எட்டு மாதம் முன்பு, மகளின் பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் தைக்க ஊசியில் நூல் கோக்கச் சொல்லியிருக்கிறார். மூன்று தடவை நூல் ஊசிக்குப் பக்கத்தில் போய்க் காற்றில் குத்தியிருக்கிறது.

"எல்லைக்கு அந்தப் பக்கம் எறும்பு போனாக்கூட சொல்ற ஆளுக்கு ஊசிக் காது தெரியலையாம்" என்று அண்ணி கிண்டலடித்திருக்கிறார். அண்ணன் சிரிக்கவில்லை. மறுநாள் தம்ளருக்கு வெளியே டீயை ஊற்றினார். அண்ணி தன் உள்ளங்கையால் அவருடைய வலது கண்ணை மூடி, "இப்ப நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டாராம்.

"பனிக்குள்ள நிக்கிற."

"டாக்டர்கிட்ட போலாம் வாங்க" என்று முழங்கையைப் பிடித்திருக்கிறார். அண்ணன் கையை உதறிவிட்டாராம்.

"போனா அன்னிக்கே மேசையை விட்டு எழுப்பிடுவாங்க. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. பொண்ணு பரீட்சை முடியட்டும்."

"மேசைதான் முக்கியமா உங்களுக்கு?"

"எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு."

ஆண்டுதோறும் நடக்கும் கண் பரிசோதனை பதற்றத்தால் தள்ளிப்போனது. அது நடந்தாலும் எழுத்து அட்டையைக் கடைசி வரிவரை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். இருபத்திரண்டு வருடப் பழக்கம், நல்ல வலது கண், நிழல் இந்த மூன்றையும் வைத்து ஓட்டிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். எட்டு மாதம் ஓட்டவும் செய்தார். அதற்குள் வடக்கு மேலே போனது.

அந்தப் படங்கள் ஒரு திங்கட்கிழமை வந்தன. எல்லைக்கு அந்தப் பக்கம், காட்டோரம், ஒரு வெட்டவெளி. அதில் வளைவாக எட்டு வட்டங்கள். சுற்றிலும் கரை கட்டிய எட்டுக் குழிகள். பக்கத்தில் இரண்டு கூடாரம், பதினொரு ஆட்கள், ஒரு வண்டித்தடம். விமான எதிர்ப்பு பீரங்கிகளை அப்படித்தான் நிறுத்துவார்கள். அண்ணன் எழுதினார்: 'எட்டு பீரங்கிக் குழிகள், ஆட்களுடன்.'

இரண்டாவது கையெழுத்து நான் போட வேண்டியது. எனக்கு அன்று நாற்பது படம் பாக்கி. அண்ணன் தாளை நீட்டி, "பாத்துட்டுப் போடுடா" என்றார். "நீங்க பாத்த பிறகு நான் என்னத்தண்ணே புதுசா பாக்கப் போறேன்" என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டேன். பட்டம் வாங்கிய கை, அழகாகப் போட்டது. படத்தை நான் பார்க்கவே இல்லை.

மூன்று நாள் கழித்து, வியாழக்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு, தளபதியின் அறையில் கூடினோம். தாக்கும் நேரம் முடிவாகியிருந்தது: நான்கு குண்டு விமானங்கள், பத்து நாற்பதுக்குக் கிளம்பும். எட்டுக் குழிகள் இருக்கும் இடத்தைக் கடைசியாக ஒரு தடவை விளக்குவதற்காக அண்ணனைக் கூப்பிட்டிருந்தார்கள். தாள்களைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். படம் எடுத்து வந்த எங்கள் விமானியும் அங்கே இருந்தார். மரத்துக்கு மேலே உரசுகிற மாதிரித் தாழப் பறப்பதால் அவருக்குத் தாழ்வாரம் என்று பெயர்.

அண்ணன் படத்தை மேசையில் வைத்து, தளபதி பார்க்க வசதியாக அவர் பக்கம் திருப்பினார். அதாவது, எங்களுக்கு அது தலைகீழாக இருந்தது. விரலை நீட்டி, "சார், இந்த வளைவுல..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

விரல் படத்துக்கு மேலே அப்படியே நின்றது.

"சொல்லுங்க" என்றார் தளபதி.

அண்ணன் குனிந்தார். முகத்தைப் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நானும் பார்த்தேன். நிழல் எங்கள் மடியில் விழுந்துகொண்டிருந்தது. எட்டு வட்டமும் காகிதத்திலிருந்து புடைத்துக்கொண்டு மேலே வந்திருந்தன. கரை என்று எழுதியிருந்ததெல்லாம் பள்ளமாகிவிட்டது.

"சார், இது குழி இல்ல" என்றார் அண்ணன். "மேடு."

தளபதி கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது இருபத்திரண்டு.

"மூணு நாளைக்கு முன்னால இரட்டைக் கண்ணாடியில பாத்துட்டு குழின்னு எழுதிக் குடுத்தீங்க. இப்ப மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்னு வெறுங்கண்ணால பாத்துட்டு மேடுங்கறீங்க. இதுல எதை நான் மேல சொல்லட்டும்?"

"மேடுதான் சார்."

"ஏன் அன்னிக்குக் குழியா தெரிஞ்சுது?"

அண்ணன் ஒரு நொடி தயங்கினார். "ரெண்டு படத்தையும் இடம் மாத்தி வச்சுட்டேன் போல சார். இடதை வலதுல வச்சா அப்படித் தெரியும்."

அது சேர்ந்த முதல் வாரத்தில் செய்யும் தப்பு. தளபதி நம்பவில்லை என்பது அவருடைய புருவத்திலேயே தெரிந்தது.

"நீங்களா? இடம் மாத்தி வச்சீங்களா? சரி, வச்சிருக்கலாம். அப்போ இவன்?" என்று என் பக்கம் திரும்பினார். "நீ தனியா பாத்தியா இல்லையா? உனக்கும் குழியாத்தானே தெரிஞ்சிருக்கு? ரெண்டு பேருமா இடம் மாத்தி வச்சீங்க?"

பார்த்தேன் என்று சொன்னால், இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துக் குழி என்று சொன்னதாக ஆகும். விமானம் கிளம்பும். பார்க்கவில்லை என்று சொன்னால் என் வேலை போகும். வெளியே ஓடுபாதை பக்கத்தில் என்ஜினைச் சூடேற்ற ஆரம்பித்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடி கிடுகிடுவென்று நடுங்கியது.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"அவனை விடுங்க சார்" என்றார் அண்ணன். குரல் உயரவில்லை. "என் இடது கண்ணு போச்சு. எட்டு மாசமாச்சு. இரட்டைக் கண்ணாடியில நான் ஒத்தைக் கண்ணாலதான் பாத்துட்டிருக்கேன். வடக்க மேல வச்சதால நிழல் அந்தப் பக்கம் விழுந்திருக்கு. அதுல மேடு எனக்குக் குழியா தெரிஞ்சிடுச்சு. ரெண்டு கண்ணு இருக்கறவனுக்கு இந்தத் தப்பு வராது. எனக்கு வந்துச்சு."

"அட, அண்ணே" என்றார் தாழ்வாரம் மெதுவாக.

அதற்கப்புறம்தான் எனக்கு வாய் திறந்தது. "நான் பாக்கல சார். பாக்காமலே கையெழுத்துப் போட்டேன்."

தளபதி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னார். "இப்பப் பாரு. உனக்கு ரெண்டு கண்ணும் இருக்கில்ல?"

பார்த்தேன். எட்டு மேடுகள், கொழுகொழுவென்று, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சின்னப் பள்ளம். ஓரத்தில் அடுக்கி வைத்த விறகு. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"சார், இது கரிமூட்டம். விறகை அடுக்கி, மேல மண்ணு பூசி, உள்ள நெருப்பு வச்சுக் கரியாக்குவாங்க. பூச மண்ணு எடுக்கவும் தண்ணியைத் தடுக்கவும்தான் சுத்தி இந்தப் பள்ளம். இன்னும் பத்த வைக்கல, அதான் புகை இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கப்பா மூட்டம் போட்டவர் சார்."

கல்லூரியில் மூன்று வருடம் யாரிடமும் சொல்லாத விஷயம் அது. அந்த அறையில், நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"மண்ணு மூடின வெடிமருந்துக் கிடங்கா இருந்தா?" என்று தளபதி கேட்டார்.

அண்ணன் அளவுகோலை எடுத்துவிட்டிருந்தார். நிழலை அளந்தார். "பன்னெண்டடி அகலம், ஒம்பதடி உசரம். கிடங்குக்கு இது பத்தாது சார். வாசலும் இல்ல, லாரித் தடமும் இல்ல. மாட்டு வண்டித் தடம்தான் இருக்கு. அந்தப் பதினொரு பேர்ல நாலு பேரு மத்தவங்க பாதி உசரம்தான் சார். நான் அப்பவே பாத்தேன். குனிஞ்சு வேலை பாக்கறாங்கன்னு எழுதிட்டேன்."

ஒன்பது முப்பத்தைந்துக்கு தளபதி தொலைபேசியை எடுத்தார். மேலிடத்தில் யாரும் எளிதில் இறங்கி வரவில்லை. முதல் பேச்சு பாதியில் அறுந்தது. இரண்டாவதில் தளபதி எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தார், காது மடல் சிவந்தது. மூன்றாவதில், "பொறுப்பு என்னுது. எழுதியே தரேன். ஒரு நாள் குடுங்க, திரும்பப் படம் எடுத்துட்டு வரோம்" என்றார். அதற்குள் பத்து முப்பத்தொன்று. நான்கு விமானங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுபாதை முனைக்கு நகர்ந்துவிட்டிருந்தன. தளபதி ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டு நின்றார். அண்ணன் வலது கண்ணால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் விமானத்தின் இரைச்சல் கூடியது. கூடிக்கொண்டே போய், திடீரென்று தணிந்தது. விமானம் அப்படியே திரும்பிக் கொட்டகைக்கு உருண்டது.

தளபதி தொலைபேசியை வைத்துவிட்டு, தாழ்வாரத்தைப் பார்த்தார். "நாளைக்கு நீ போற. போன தடவை உசரத்துல எடுத்தது போதாது. தாழப் போகணும்."

"அதுக்குத்தானே சார் எனக்கு அந்தப் பேரே" என்றார் அவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் போகும் வழியில் அண்ணனின் தோளைப் பிடித்து நிறுத்தினார். "மேடுதானே அண்ணே?"

"மேடுதான்டா."

"குழியா இருந்துச்சுன்னா, என்னை நேரா சுட்டுருவாங்க. அதான் கேட்டேன்."

அன்று சாயங்காலமே, ரகசியப் படங்களைப் பார்க்க அண்ணனுக்கு இருந்த அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் காலை அவரை ராணுவ மருத்துவமனைக்கு அழைத்துப் போக வண்டி வந்தது. அண்ணி ஒரு பையோடு பக்கத்தில் இருந்தார். அண்ணன் எங்கள் கட்டடத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றார்.

"பத்து மணிக்கு டாக்டரைப் பாக்கணும் சார்ஜென்ட், இல்லன்னா நான் திட்டு வாங்கணும்" என்று டிரைவர் முனகினார்.

"நீ வண்டியில படுத்துத் தூங்குப்பா. நான் சொல்றேன் அவங்ககிட்ட."

"பிடிவாதத்துக்கு மட்டும் ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியுது" என்றார் அண்ணி. ஆனால் அவரும் பையைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

தாழ்வாரம் ஒன்பது பத்துக்குக் கிளம்பினார். திரும்ப வேண்டிய நேரம் பத்து ஐந்து. பத்து ஐந்து ஆனது. பத்துப் பன்னிரண்டு ஆனது. அறைக்குள் நான் ஜன்னலோரம் நின்றேன். பெஞ்சில் இருந்தவரின் கழுத்து மட்டும் தெரிந்தது. அவர் வானத்தைப் பார்க்கவில்லை, காதைத்தான் சாய்த்து வைத்திருந்தார். பத்துப் பத்தொன்பதுக்குச் சத்தம் கேட்டது. எங்கள் விமானத்தின் என்ஜின்தான். ஒழுங்கான சத்தம்.

பிலிம் கழுவ நாற்பது நிமிடம். ஈரத்தோடே மேசையில் போட்டார்கள். எனக்கு எதிர்மேசையில் இன்னொருவர். இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு தனித்தனியாகப் பார்த்தோம், தனித்தனியாக எழுதினோம். தளபதி இரண்டு தாளையும் வாங்கிப் படித்தார். தலையை மட்டும் ஆட்டினார். கதவைத் திறந்துகொண்டு தொலைபேசிக்குப் போனார்.

நான் வெளியே போனேன்.

அண்ணன் எழுந்து நின்றார். "தாழ்வாரம் எறங்கிட்டானா?"

"எறங்கிட்டார்ண்ணே. ஒரு கீறல்கூட இல்ல."

"அது போதும்." கையை உயர்த்தி என்னைத் தடுத்தார். "நீ எதுவும் சொல்லாத. சீட்டு இல்லாதவன்கிட்ட சொல்லக் கூடாது. ஏற்கெனவே உன் பேருல ஒரு கறுப்புப் புள்ளி விழுந்திருக்கு."

விழுந்திருந்தது. இரண்டு வருடப் பதவி உயர்வு அதில் போனது. இன்னொன்று விழுந்தாலும் விழட்டும் என்று அந்த நிமிடம் தோன்றியது.

"எட்டுல ஆறு புகையுதுண்ணே."

அண்ணன் முகத்தில் சிரிப்பு வரவில்லை. வலது கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார், எழுதிய தாளைச் சரிபார்க்கிறவர் போல.

"மீதி ரெண்டு?"

"இன்னும் மண்ணு பூசிட்டிருக்காங்க."

"எத்தனை ஆளு?"

"பதினொண்ணு. நாலு சின்னவங்க."

கணக்கு சரியாக இருந்ததில் அவரால் மூச்சு விட முடிந்தது. டிரைவரைத் தட்டி எழுப்பினார். வண்டியில் ஏறும்போது இடது கால் படியைத் தவறவிட்டது. அண்ணி அவருடைய முழங்கையைப் பிடித்தார். இந்தத் தடவை அண்ணன் கையை உதறவில்லை.